சக்கர நாற்காலியிலிருந்து வைத்தியம் பார்த்த மேரி வர்கீஸ்

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் மணிக்கூடு வேறு மாதிரித்தான் ஓடும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி விட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணித்தியாலத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒருமுறை கைகளை ஊன்றித் தன் உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். நாலு அல்லது ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் மூலம் சிறுநீரை எடுக்க வேண்டும். இதில் ஒன்று பிந்தினால் படுக்கைப் புண் வரும், கிருமித் தொற்று வரும், சில வருடங்களில் சிறுநீரகம் பழுதாகும். இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த மனிதர் சமைக்க வேண்டும், உழைக்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஷெல் துண்டு முதுகில் ஏறிய ஒருவரையாவது அறியாத கிராமம் குறைவு.

சிகிச்சைக்கு எவ்வளவு நேரம், வாழ்வதற்கு எவ்வளவு நேரம் என்ற இந்தக் கணக்கைத் தன் உடம்பிலேயே படித்து, பிறகு அதையே ஒரு வைத்தியத் துறையாக இந்தியாவில் கட்டியெழுப்பிய பெண் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்த எங்கள் ஆட்கள் பலர். அந்தப் பெயரை அங்கே ஒரு கட்டடத்தில் வாசித்திருப்பார்கள். அந்தப் பெயருக்குரியவரும் இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

மேரி 1925 மே 26இல் கேரளத்தின் கொச்சிக்கு அருகே செறாயி என்ற ஊரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம், வசதியான வீடு. அவர் 1946இல் வேலூருக்கு வந்து மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி அப்போதுதான் பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்துகொண்டிருந்தது. மேரி 1952இல் படிப்பை முடித்து அதே வைத்தியசாலையில் வேலைக்கு அமர்ந்தார். மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியராக வர வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அந்தப் பிரிவில்தான் பயிற்சியும் பெற்றுக்கொண்டிருந்தார்.

1954 ஜனவரி 30. ஓய்வு நாள் ஒன்றில் இளம் வைத்தியர்கள் சிலர் ஒரு வாகனத்தில் சுற்றுலாப் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் வாகனம் விபத்துக்குள்ளானது. மேரியின் முகத்தில் பலத்த காயம். முள்ளந்தண்டு வடமும் சேதமடைந்திருந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு 28 வயது.

அந்தக் காலத்தில் இப்படியொரு காயம் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். முதலாம் உலகப்போரில் முள்ளந்தண்டு வடம் அறுந்த படையினரில் பெரும்பாலானோர் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்து போனார்கள். வடம் அறுந்ததால் மட்டும் அவர்கள் சாகவில்லை. புண் அழுகியும் சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் கலந்தும்தான் அதிகம் பேர் செத்தார்கள். இந்த நிலையை மாற்றியவர் லுட்விக் குட்மன். நாசி ஜேர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத வைத்தியர் அவர். ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் 1944 பெப்ரவரியில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்ற கட்டளையை அங்கே இறுக்கமாக நடைமுறைப்படுத்தினார். பகலில் படுத்துக் கிடக்க விடாமல் தச்சு வேலை, விளையாட்டு என்று ஆட்களை எழுப்பி இருத்தினார். 1948 ஜூலையில், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து அவர் நடத்திய அம்பெய்தல் போட்டிதான் இன்றைய பராலிம்பிக்கின் வேர்.

ஆனால் அது இங்கிலாந்து. 1954இல் தென்னிந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. மேரிக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவை ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில்தான் தொடங்கியிருந்தார். ஆகவே உயிர் காக்கும் வைத்தியம் அருகிலேயே கிடைத்தது. வைத்தியசாலையே அவருடைய வீடு போன்றது. தாதியரும் வைத்தியர்களும் கூடப் படித்தவர்கள், கூட வேலை செய்தவர்கள். குடும்பத்திடம் பணமும் இருந்தது. இதை மறைத்து அவரை வெறும் மனத்திடத்தின் அடையாளமாக மட்டும் காட்டும் எழுத்துகள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. மனத்திடம் பெரிய விடயம்தான். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி விட ஆள் இல்லாதவரின் மனத்திடம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

அந்த வசதிகள் இருந்தும் ஒன்று இல்லை. காயம் ஆறியாயிற்று, சத்திரசிகிச்சை முடிந்தாயிற்று, இனி என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பிரிவு அங்கே இருக்கவில்லை. பொது வைத்தியசாலை எதுவும் அப்படித்தான். புண்ணைத் தைக்கும், எலும்பைப் பொருத்தும், காய்ச்சலை இறக்கும். பிறகு துண்டு வெட்டி அனுப்பும். வீட்டு வாசற்படியை எப்படிக் கடப்பது, மலசலகூடத்துக்கு எப்படிப் போவது, எந்தத் தொழிலைச் செய்வது என்பவை எந்த வார்ட்டின் வேலையும் அல்ல. முள்ளந்தண்டுக் காயக்காரருக்கு வைத்தியசாலையில் கழியும் மாதங்கள் இரண்டு விதமாகப் போகலாம். கால் திரும்ப வரும் என்று கூரையைப் பார்த்தபடி காத்திருக்கலாம். அல்லது இருக்கும் கைகளையும் தோள்களையும் வைத்து என்ன செய்யலாம் என்று பழகலாம். முதலாவது, யாரும் சொல்லித் தராமலே நடந்துவிடும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், நேர ஒழுங்கு வேண்டும்.

மேரியை இரண்டாவது வழிக்கு இழுத்தவர் போல் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப் போன கைகளைச் சத்திரசிகிச்சை மூலம் திரும்பப் பயன்பட வைக்கும் முறையை வேலூரில் உருவாக்கிய ஆங்கிலேய வைத்தியர் அவர். பிரசவ அறையில் நின்றுகொண்டு வேலை செய்ய மேரியால் இனி முடியாது. ஆனால் கைச் சத்திரசிகிச்சை இருந்தபடியே செய்யும் வேலை. நோயாளியின் கை ஒரு சிறு மேசையில் நீட்டியிருக்கும், வைத்தியர் எதிரே அமர்ந்திருப்பார். அப்படியானால் வைத்தியர் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பதில் என்ன இருக்கிறது? இந்த எளிய யோசனைதான் மேரியைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். ஊர் ஒதுக்கி வைத்த மனிதருக்கு முன்னால், அவரைத் தொடும் வைத்தியரே எழுந்து நிற்க முடியாதவர்.

அந்தச் சத்திரசிகிச்சையின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பின்னர் மேரி செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தொழுநோயில் நரம்பு செத்ததும் விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். பிராண்டின் முறையில், முன்கையில் இன்னும் உயிருள்ள ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களில் இணைப்பார்கள். மணிக்கட்டை உயர்த்தும் வேலையைச் செய்துவந்த தசைக்கு இப்போது விரலைச் சரியான விதத்தில் மடக்கும் புதிய வேலை. மேசையில் இது சில மணித்தியால வேலை. பிறகு மூன்று கிழமை அளவில் பத்துப் போட்டிருக்கும். பத்தைக் கழற்றிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. அந்தத் தசைக்குத் தன் புதிய வேலை என்னவென்று தெரியாது. ஒவ்வொரு நாளும், கிழமைக் கணக்கில், சிறு சிறு அசைவுகளாக மூளைக்கு அதைப் பழக்க வேண்டும். கூடுதலாகச் செய்தால் நாண் இழுபட்டுவிடும். குறைவாகச் செய்தால் ஒட்டி இறுகிவிடும். வீட்டில் நெல் வெட்டு வந்துவிட்டது என்று பயிற்சியைப் பாதியில் விட்டுப் போனவருக்கு, எவ்வளவு திறமையான வைத்தியர் வெட்டியிருந்தாலும் பலன் இல்லை. சத்திரசிகிச்சைக்குச் செலவான நேரத்தைவிட அதற்குப் பிறகான நேரம் பெறுமதியானது என்பதை மேரி இந்த மேசையில் தினமும் பார்த்தார்.

ஆனால் அவருக்கே முறையான மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தது இன்னும் சில வருடங்கள் கழித்து, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில். ரோயல் பேர்த் வைத்தியசாலையின் முள்ளந்தண்டுப் பிரிவு அப்போது புதியது. ஜோர்ஜ் பெட்புறூக் என்ற வைத்தியர் அதை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியாக மேரி அங்கே போனார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறுவது, உடுப்பைத் தானே போடுவது, பிறர் கை பார்க்காமல் நாளை நகர்த்துவது ஆகியவை பாடத்திட்டம்போல நேரம் வகுத்துச் சொல்லிக் கொடுக்கப்படும் இடங்கள் அவை. வேலூரில் இல்லாதது எதுவென்று அங்கே அவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். ஏனென்றால் அதன்பிறகு அவர் தன் பாதையையே மாற்றினார்.

அடுத்தது நியூயோர்க். அங்கே ஹோவார்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு நிறுவனம் உலகப் புகழ்பெற்றிருந்தது. ரஸ்க் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படை வைத்தியராக இருந்தவர். காயம் ஆறும்வரை படையினர் வார்ட்டில் சும்மா கிடந்து காலம் போக்குவதைப் பார்த்து, அந்தப் படுக்கை நேரத்தையே பயிற்சி நேரமாக மாற்றியவர். அவர் நிறுவிய உலக மறுவாழ்வு நிதியத்தின் புலமைப்பரிசில் மேரிக்குக் கிடைத்தது. அவர் அங்கே வருடக்கணக்கில் படித்து, 1962இல் அமெரிக்காவின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறைத் தகைமையையும் பெற்றார். நியூயோர்க்கின் பனிக்காலத்தில், சக்கர நாற்காலியில், ஊரை விட்டுத் தனியே ஒரு கேரளப் பெண். அதே நாற்காலியோடு அங்கேயே வசதியாக இருந்துவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ வேலூருக்குத் திரும்பினார்.

அவர் 1963இல் வேலூரின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுப் பிரிவைப் பொறுப்பேற்றார். நோயாளரைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதலாவது பிரிவு அதுதான். மூன்று வருடங்களில், 1966 நவம்பர் 26இல், பாகாயத்தில் தனியான மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இடத் தெரிவைக் கவனிக்க வேண்டும். வேலூர் நகரத்தின் நெரிசலுக்குள் இருக்கும் பெரிய வைத்தியசாலையை விட்டு விலகி, கல்லூரி வளாகத்தின் பக்கம் அது அமைந்தது. அவசர வார்ட்டில் ஒரு கட்டிலுக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். அங்கே முள்ளந்தண்டு நோயாளி மாதக்கணக்கில் இருந்தால் எல்லோர் கண்ணும் அந்தக் கட்டிலில்தான். நீண்ட நேரம் தேவைப்படும் வைத்தியத்துக்கு அவசர வைத்தியத்தோடு போட்டியிடாத ஒரு கூரை வேண்டும்.

அங்கே நடப்பது பார்ப்பவருக்குப் பெரிய விஞ்ஞானமாகத் தெரியாது. உறவினர் ஒருவர் கூடவே தங்குவார். புண் வராமல் பார்ப்பது எப்படி, குழாய் போடுவது எப்படி என்று அவரும் சேர்ந்து பழகுவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் நோயாளியின் வீடு எப்படிப்பட்டது, கிணறு எவ்வளவு தூரம், வாசலில் எத்தனை படி, முன்பு என்ன தொழில் என்று கேட்பார். அதற்கேற்பப் பயிற்சி மாறும். பட்டறையில் கால் தாங்கிகளும் செயற்கைக் கால்களும் செய்யப்படும்.

இதில் எப்போதும் ஒரு இழுபறி உண்டு. இன்றைக்கு மேற்கு நாடுகளில் மறுவாழ்வுச் சிகிச்சையை நிமிடக் கணக்கில் அளக்கிறார்கள். அமெரிக்காவில் மறுவாழ்வு வைத்தியசாலையில் தங்குபவருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் சிகிச்சை என்பது அரச காப்புறுதியின் அளவுகோல். பிரித்தானியாவிலும் பக்கவாத நோயாளருக்கு முன்பு ஒவ்வொரு சிகிச்சையும் 45 நிமிடம் என்றிருந்த வழிகாட்டலை 2023இல் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் என்று உயர்த்தினார்கள். கூடுதல் பயிற்சி கூடுதல் பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன செய்யப்படுகிறது என்பதும் அதேயளவு முக்கியம். ஒருபோதும் நடக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒருவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாதக்கணக்கில் நிற்க வைக்கலாம். குடும்பமும் அதைத்தான் கேட்கும். அதே மாதங்களில் அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், நாற்காலியிலிருந்து முச்சக்கர வண்டிக்கு ஏறவும், ஒரு தையல் மெசினையோ கைத்தொலைபேசி திருத்தும் கருவிகளையோ கையாளவும் பழகியிருக்கலாம். எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவருக்கு அந்த உடம்பின் நிலை தெரிந்திருக்க வேண்டும். மேரிக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் தெரிந்த விடயம் அல்ல அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வைத்தியசாலையில் கழியும் ஒவ்வொரு மாதமும் வீட்டில் வருமானம் இல்லாத மாதம். கூட நிற்கும் மனைவியோ தாயோ கூலி இழக்கிறார். பிள்ளைகள் யாருடைய வீட்டிலோ நிற்கிறார்கள். ஆறு மாதம் இருந்தால் நல்லது என்று வைத்தியர் சொல்வார், ஆறு கிழமைக்கு மேல் முடியாது என்று குடும்பம் சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

எங்கள் நிலத்துக்கு வருவோம். 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 13,000க்கு மேற்பட்டோரைக் கப்பலில் ஏற்றி வன்னிக் கரையிலிருந்து வெளியே கொண்டு போனது. காயக்காரரும் அவர்களோடு வந்த உறவினரும் அதில் அடக்கம். திருகோணமலை, புல்மோட்டை, பிறகு வவுனியா என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் நிரம்பி வழிந்தது. பின்னால் இன்னும் காயக்காரர் வந்துகொண்டிருந்தபடியால் முன்னால் வந்தவரின் கட்டில் காலியாக வேண்டியிருந்தது. முள்ளந்தண்டு அறுந்தவர்கள் தறப்பாள் கூடாரங்களுக்குள், வெறுந்தரையில், மண்ணிலும் வெயிலிலும் கிடந்தார்கள். மறுவாழ்வு தொடங்க வேண்டிய மிக முக்கியமான முதல் மாதங்கள் அப்படியே போயின. படுக்கைப் புண்ணோடு தொடங்கிய அந்த வருடங்களைப் பலர் கடக்கவில்லை.

நாட்டின் பெரிய மறுவாழ்வு வைத்தியசாலை ராகமையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மொழி வேறு, கூட நிற்க ஆள் வேண்டும், பயணத்துக்கு வாகனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனம் கால் இழந்த எத்தனையோ பேரை நடக்க வைத்தது. முள்ளந்தண்டுக் காயத்துக்குத் தேவையான நீண்ட கவனிப்பு வேறு வகையானது. அதனால்தான் மாங்குளத்தை மையமாகக் கொண்டு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து உயிரிழை அமைப்பை நடத்தும் நிலை வந்தது. நெதர்லாந்தின் நிதியுதவியோடு மாங்குளத்தில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென ஒரு கட்டடமும் எழுந்திருக்கிறது. கட்டடம் அவசியம். அதற்குள் போதுமான இயன்மருத்துவர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் தாதியரும் நிலையாக இருக்கிறார்களா, ஆறு மாதம் தங்கும் ஒருவரின் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதமும் அடுப்பெரிய வழி இருக்கிறதா என்று இந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அப்போது இருபது வயதில் காயப்பட்டவர் நாற்பதை நெருங்குகிறார். புரட்டி விட்ட தாய்க்கு எழுபது வயது. அந்தத் தாய்க்குப் பிறகு யார் என்ற கேள்வி வன்னியில் பல வீடுகளில் வாய் திறந்து கேட்கப்படுவதில்லை.

மேரி வர்கீஸுக்கு இந்திய அரசு 1972இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அமெரிக்க எழுத்தாளர் டொரதி கிளார்க் வில்சன் அவருடைய வாழ்க்கையை 1963இலேயே நூலாக எழுதியிருந்தார். விபத்துக்குப் பிறகு முப்பத்திரண்டு வருடங்கள் வாழ்ந்து, 1986 டிசம்பரில் அவர் காலமானார். 1954இல் அந்தக் காயத்தைப் பார்த்தவர்கள் அவ்வளவு காலத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பாகாயத்து நிறுவனம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த நிறுவனத்தில் பழைய நோயாளரைத் திரும்ப அழைக்கும் ஒரு வழக்கம் உண்டு. மறுவாழ்வு மேளா என்று அதைச் சொல்வார்கள். துண்டு வெட்டிக்கொண்டு போனவர்கள் பல ஊர்களிலிருந்து சக்கர நாற்காலிகளோடு வந்து சேர்வார்கள். தோலில் புண் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, நாற்காலியின் சில்லு சரியா என்று பார்ப்பார்கள். வீட்டில் என்ன வேலை நடக்கிறது, வருமானம் வருகிறதா என்றும் கேட்பார்கள். பிறகு விளையாட்டுப் போட்டி, பாட்டு, நாடகம். புதிதாகக் காயப்பட்டு வார்ட்டில் கிடப்பவர்களையும் பார்க்கக் கொண்டு வந்து இருத்துவார்கள்.